நாமா, நாங்களா? அமெரிக்க மேடைப் பேச்சு பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. "லிங்கனைப் படித்தேன், கென்னடியைக் கேட்டேன், அப்புறம் போன தேர்தல் கூட்டங்களைப் பார்த்தேன். பேச்சு இவ்வளவு தரம் இறங்கியது எப்படி? அந்த நாடு இரண்டாகப் பிளந்து கிடப்பதற்கு இந்தப் பேச்சுதான் காரணமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். தரம் இறங்கிவிட்டதா என்பது ஒன்று. பேச்சுக்கு அவ்வளவு சக்தி உண்டா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பாதி ஆமாம், பாதி இல்லை என்பேன். இரண்டாவதில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறான இடத்தில் நான் நிற்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் அரசியல் அறிவியல் பேராசிரியர் இல்லை. 23 வருடம் சென்னையில் ஒரு செய்தி அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கியவன். வாஷிங்டனில் இரவு 9 மணிக்கு அதிபர் பேசினால் நமக்குக் காலை ஆறரை, குளிர்காலமென்றால் ஏழரை. டீ ஆறுவதற்குள் முதல் பத்தி போக வேண்டும். அப்படி நான்கு அதிபர்களைத் தமிழில் பேச வைத்திருக்கிறேன். ஒருவருடைய பேச்சை மொழிபெயர்க்கும்போது அதன் எலும்பு தெரிந்துவிடும். என் தகுதி அவ்வளவுதான்.

முதலில் பழைய பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். 1856 மே மாதம் சார்லஸ் சம்னர் என்ற செனட்டர் அடிமை முறையை எதிர்த்து இரண்டு நாள் பேசினார். தென் மாநிலத்துச் செனட்டர் ஆண்ட்ரூ பட்லர் அடிமைத்தனம் என்கிற வேசியை ஆசைநாயகியாக வைத்திருக்கிறார் என்கிற அளவுக்குப் போனார். இரண்டு நாள் கழித்துப் பட்லரின் உறவினரும் கீழவையான பிரதிநிதிகள் சபையின் உறுப்பினருமான பிரஸ்டன் புரூக்ஸ் செனட் சபைக்குள்ளேயே வந்து, மேசையில் உட்கார்ந்திருந்த சம்னரைக் கைத்தடியால் ரத்தம் கொட்ட அடித்தார். சம்னர் சபைக்கு முழுமையாகத் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. அடித்தவர் பதவியை ராஜினாமா செய்தார், அதே தொகுதி அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. ஆதரவாளர்கள் புதுக் கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள்.

லிங்கனே கூட நாம் நினைக்கும் பளிங்குச் சிலை இல்லை. 1858ல் அவரும் ஸ்டீபன் டக்ளஸும் இல்லினாய் மாநிலத்தில் ஏழு ஊர்களில் விவாதித்தார்கள். ஒருவர் ஒரு மணி நேரம் பேச, மற்றவர் ஒன்றரை மணி நேரம் பதில் சொல்ல, முதலாமவர் அரை மணி நேரம் முடித்துவைப்பார். மூன்று மணி நேரம் ஜனங்கள் நின்று கேட்டார்கள் என்று இன்று வியக்கிறோம். கூட்டம் நடுவில் கத்தியது, கேலி செய்தது, டக்ளஸ் நிறவெறியைக் கூசாமல் தூண்டினார். சார்ல்ஸ்டன் ஊரில் லிங்கனும் வெள்ளையரும் கறுப்பரும் சமூகத்தில் சமமாவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவை இரண்டும் ஒரே பேச்சுக்காரரின் வாய்தான்: சார்ல்ஸ்டன் பேச்சும், ஐந்து வருடம் கழித்து கெட்டிஸ்பர்க்கில் பேசிய சுமார் 270 சொற்களும். கெட்டிஸ்பர்க்கில் அவருக்கு முன்னால் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அதை இன்று யார் படிக்கிறார்கள்? காலம் தூற்றியெடுத்த நெல்லைத்தான் நாம் பார்க்கிறோம், பதர் காற்றோடு போய்விட்டது. நம் காலத்துப் பேச்சு இன்னும் களத்தில் பதரும் நெல்லுமாகக் கிடக்கிறது. இந்த ஒப்பீடே நியாயமில்லை.

"அதிபர்களின் மொழி கல்லூரித் தரத்திலிருந்து எட்டாம் வகுப்புத் தரத்துக்கு இறங்கிவிட்டது" என்று ஒரு வரைபடம் அடிக்கடி சுற்றும். நீங்களும் பார்த்திருக்கலாம். வாக்கிய நீளத்தையும் சொல்லின் அசைகளையும் எண்ணிப் போடும் கணக்கு அது. கணக்கு சரி, முடிவுதான் சந்தேகம். அதிபர் ஜெஃபர்சன் 1801ல் காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, நேரில் போய் உரையாற்றுவதை நிறுத்தி எழுத்தில் அனுப்ப ஆரம்பித்தார். 1913ல் வில்சன்தான் மறுபடி நேரில் போனார். ஆக நூறு வருடத்துக்கு மேல் அவை பேச்சே அல்ல, கடிதங்கள். கடிதத்தையும் பேச்சையும் ஒரே தராசில் வைத்தால் பேச்சு எளிதாகத்தான் தெரியும். இன்னொரு தொழில் ரகசியம்: வாய்ப்பேச்சில் முற்றுப்புள்ளி கிடையாது. அதை வைப்பவர் எழுத்தாக்குகிறவர். அவர் கை எங்கே நிற்கிறதோ அங்கே "வகுப்பு" மாறிவிடும். இதே போலத்தான் 1960ல் கென்னடியும் நிக்சனும் மோதிய விவாதக் கதை. வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும் டிவியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் நினைத்தார்கள் என்பார்கள். பாடப்புத்தகம் வரை ஏறிவிட்ட இந்தக் கதைக்கு முக்கிய ஆதாரம் ஒரே ஒரு கருத்துக்கணிப்பு, அதிலும் வானொலி நேயர்கள் கொஞ்சம் பேர்தான். பிரமாதமான கதை, அஸ்திவாரம் மெல்லிசு.

சரி, மாறவே இல்லையா? மாறியிருக்கிறது. சொல்லழகைவிட, யாரை நோக்கிப் பேசுகிறார்கள் என்பதில்தான் மாற்றம் பெரிது. இதைச் சொல்ல என் தொழிலில் ஒரு நல்ல கருவி உண்டு. ஆங்கிலத்தில் 'வீ' என்று ஒரே சொல்தான். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், வெளியே நிறுத்தினால் நாங்கள். யாரிடம் பேசுகிறார், அவரைத் தன்னோடு சேர்க்கிறாரா என்று முடிவு செய்யாமல் அந்த ஒரு சொல்லைத் தமிழில் எழுதவே முடியாது. ஆங்கிலம் அறிந்தவர் மூடி வைத்துவிட்டுப் போகும் இடத்தைத் தமிழ் திறந்து காட்டிவிடும்.

1861 மார்ச் 4ல் லிங்கன் முதல்முறை பதவியேற்றபோது ஏழு தென் மாநிலங்கள் ஏற்கெனவே பிரிந்து போயிருந்தன. அந்தத் தென்னவர்களைப் பார்த்து அவர் சொன்னார்: "நாம் பகைவர்கள் அல்ல, நண்பர்கள். நாம் பகைவர்களாகிவிடக் கூடாது." இங்கே 'நாங்கள்' என்று போட்டால் வாக்கியமே செத்துவிடும். அதிபர் ரூஸ்வெல்ட், வங்கிகள் மூடிக்கிடந்த நேரத்தில், 1933 மார்ச் 12, ஞாயிறு இரவு, வானொலியில் கால் மணி நேரம் வங்கி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். நீங்கள் போட்ட பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தார். மறுநாள் வங்கிகள் திறந்தபோது, பணத்தை எடுக்க நின்ற வரிசை பணத்தைத் திருப்பிப் போட நின்றது. தனக்கு வாக்களித்தவரா இல்லையா என்று பார்க்காமல் வீட்டில் ரேடியோ வைத்திருந்த அத்தனை பேரிடமும் பேசிய பேச்சு அது.

அந்த 'நாம்' எப்போது சுருங்க ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்குப் பிடித்த காட்சி ஒன்றைச் சொல்வேன். 1979லிருந்து பிரதிநிதிகள் சபை நடவடிக்கைகள் டிவியில் நேரலையாக வந்தன. நாள் வேலை முடிந்த பிறகு உறுப்பினர்கள் விருப்பம்போல் பேசலாம், அப்போது அவையில் ஆளே இருக்காது. குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் அவருடைய கூட்டாளிகளும் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்பதுபோல் ஜனநாயகக் கட்சிக்காரர்களைக் குற்றம் சாட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நிறுத்துவார்கள். பதில் வராது. டிவி பார்ப்பவருக்கு எதிர்க்கட்சி வாயடைத்துப் போனதாகத் தோன்றும். 1984 மே மாதம் சபாநாயகர் டிப் ஓ'நீல் கடுப்பாகி, கேமராவை அவை முழுக்கத் திருப்பச் சொன்னார். காலி நாற்காலிகள் நாட்டுக்கே தெரிந்தன. ஆனால் தோற்றது ஓ'நீல்தான். தொடர்ந்த வாக்குவாதத்தில் அவர் சொன்ன கடும் சொற்கள் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன, கிங்ரிச் ஒரே வாரத்தில் பிரபலம். அவருடைய அமைப்பு 1990ல் வேட்பாளர்களுக்கு ஒரு சொற்பட்டியலே அனுப்பியது. எதிராளியைச் சொல்ல ஊழல், நோய், துரோகிகள். நம்மைச் சொல்ல வேறொரு வரிசை. 1994ல் அவர் கட்சி 40 வருடத்துக்குப் பிறகு அந்தச் சபையைப் பிடித்தது. பட்டியலால்தான் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவது லாபம் என்று இரு கட்சியும் அப்போது கற்றுக்கொண்டன என்று மட்டும் சொல்வேன்.

மற்றவை தெரிந்த கதை, வேகமாகக் கடக்கிறேன். ஒளிபரப்பாளர்கள் இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்ற விதி 1987ல் போனது. அடுத்த வருடமே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நாடு முழுக்க வானொலியில் ஒலித்தார். 1996ல் ஃபாக்ஸ் நியூஸ், எம்எஸ்என்பிசி என்ற இரண்டு செய்தி சேனல்களும் வந்தன. அப்புறம் கைபேசி. 2009ல் ஒபாமா காங்கிரசில் மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசும்போது ஜோ வில்சன் என்ற உறுப்பினர் "பொய் சொல்கிறீர்கள்" என்று கத்தினார். மன்னிப்பும் கேட்டார். ஆனால் சில நாட்களில் அவருக்கும், அவரை எதிர்த்து நின்றவருக்கும், ஆளுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை குவிந்தது. அவை மரியாதைக்கு ஒரு விலை உண்டு என்றால், அதை மீறுவதற்கு அதைவிட நல்ல விலை கிடைத்தது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நிக்சன் 1972லும் ரேகன் 1984லும் 50ல் 49 மாநிலங்களை வென்றார்கள். 1988க்குப் பிறகு ஒருவரும் மாநிலவாரியாகக் கிடைக்கும் 538 தேர்வாளர் வாக்குகளில் 400ஐத் தொடவில்லை. 2024ல் இரு கட்சியும் ஏழே ஏழு மாநிலங்களில்தான் மல்லுக்கட்டின. பெரும்பாலான தொகுதிகளில் உண்மையான போட்டியே பிரைமரி என்கிற உட்கட்சித் தேர்தல். அங்கே கொஞ்சம் பேர்தான் வாக்களிப்பார்கள், அவர்களும் தீவிரப் பற்றாளர்கள். அப்படிப்பட்ட இடத்தில் எதிர்த்தெருக்காரனை வசப்படுத்தும் பேச்சைக் கற்றுக்கொண்டு ஒருவர் என்ன செய்வார்? ஆனாலும் மனம் மாறுகிறவர்களே அங்கே இல்லை என்பார் பேச்சை நம்பாதீர்கள். ஒபாமாவுக்கு 2012ல் வாக்களித்துவிட்டு 2016ல் டிரம்ப்புக்குப் போட்டவர்கள் லட்சக்கணக்கில் உண்டு.

இந்த 'நாங்கள்' பேச்சு ஒரு கட்சியின் சொத்து இல்லை. நன்கொடையாளர்களோடு அறைக்குள் பேசும்போதுதான் அது அசலாக வெளியே வரும். ஒபாமா 2008ல் சான் ஃபிரான்சிஸ்கோவில், வேலை போன சிறு நகரத்து மக்கள் கசந்துபோய்த் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்றார். 2012ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி, 47 சதவீதம் பேர் அரசாங்கத்தை அண்டிப் பிழைப்பவர்கள், எப்படியும் தனக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்றார். 2016ல் ஹிலரி கிளிண்டன், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேர் இழிந்தவர்கள் கூடையில் சேர்கிறவர்கள் என்று சொல்லிவிட்டு, பாதி என்றதற்கு மட்டும் வருந்தினார். முதல் இரண்டும் கசிந்தன, மூன்றாவது செய்தியாளர்கள் இருக்கும்போதே சொன்னது, மூவருக்கும் வலித்தது. டிரம்ப் செய்த புதுமை, அந்த அறைப் பேச்சை மைதானத்துக்குக் கொண்டுவந்ததுதான். 2023 நவம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் கூட்டத்தில் எதிர்ப்பாளர்களைப் பூச்சி புழுக்கள் என்ற பொருளில் திட்டினார். யாரும் கசியவிட வேண்டியிருக்கவில்லை, நேரலையிலேயே வந்தது.

டிரம்ப்பைத் தமிழாக்குவது பற்றி ஒரு பாவமன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துப் பாதியில் விட்டு, வேறொன்றுக்குத் தாவி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்புவார். அதை நெசவு என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் பாதி வாக்கியத்திலும் வினைச்சொல் வந்துவிட்டிருக்கும். தமிழில் வினை கடைசியில். பாதியில் விட்டால் கையில் ஒன்றுமே மிஞ்சாது. ஆகவே நாங்கள் முடித்துவைத்தோம். தமிழில் படித்தவர்களுக்கு அவர் நிஜத்தில் இருப்பதைவிடக் கோர்வையாகப் பேசுகிறவராகத் தெரிந்திருப்பார். அந்த நேரத்தில் எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. பேச்சால் பிளந்ததா? அதிபர் பேச்சு மக்கள் கருத்தை மாற்றும் என்பதற்கு ஆதாரம் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. ரேகனைவிடத் திறமையான பேச்சாளர் டிவி யுகத்தில் அரிது. அவரே நிகரகுவா கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவ வேண்டும் என்று திரும்பத் திரும்ப டிவியில் மன்றாடியும் பெரும்பான்மை மக்களை அசைக்க முடியவில்லை. 1993 செப்டம்பரில் பில் கிளிண்டன் மருத்துவத் திட்டம் பற்றிக் காங்கிரசில் பேச எழுந்தபோது டெலிபிராம்ப்டரில் (உரையை ஓடவிட்டுக் காட்டும் திரை) ஓடியது பிப்ரவரியில் பேசிய பழைய உரை. சரியான உரை ஏறும்வரை சில நிமிடங்கள் நினைவிலிருந்தே பேசினார், யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த செப்டம்பருக்குள் அந்தத் திட்டம் செத்துப்போனது. 2005ல் ஜார்ஜ் புஷ் ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்காக 60 நாளில் 60 இடம் என்று கிளம்பினார். பேசப் பேச ஆதரவு குறைந்தது. லிங்கனின் "நாம் பகைவர்கள் அல்ல" கூட நாற்பது நாள் தாங்கவில்லை. ஏப்ரல் 12ல் உள்நாட்டுப் போரின் முதல் பீரங்கி வெடித்துவிட்டது. நல்ல பேச்சு நாட்டை ஒட்டவைக்கவில்லை என்றால், கெட்ட பேச்சு மட்டும் தனியாக உடைத்துவிட்டது என்பதை எப்படி நம்புவது? கட்சிகள் மதம், இனம், ஊரகம், நகரம் என்று வரிசை பிரிந்தது ஐம்பது வருட வேலை. பேச்சு பெரும்பாலும் அந்த விரிசலின் மேல் ஓடும் தண்ணீர். விரிசலைப் பேச்சு எவ்வளவு அகலப்படுத்தியது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை.

ஒருவரைத் தூக்கிவிடுவது கடினம், கவிழ்ப்பது அப்படியல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூன் 27ல் பைடன் ஒன்றரை மணி நேர விவாதத்தில் தடுமாறினார். 24 நாளில் போட்டியிலிருந்தே விலகினார்.

பேச்சே குற்றமாக அதிபர் மேல் பதவிநீக்க வழக்கு வந்ததும் இரண்டு முறை உண்டு. 1868ல் ஆண்ட்ரூ ஜான்சன் மேல் வைத்த 11 குற்றச்சாட்டுகளில் பத்தாவது, அவர் ஊர் ஊராகப் போய் "உரத்த குரலில்" வெறியூட்டும் வகையில் பேசினார் என்பது. உரத்த குரல் என்பதை மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள்! வாக்கெடுப்புக்கு வந்த மூன்று குற்றச்சாட்டுகளில் ஒரே வாக்கில் தப்பினார், பத்தாவது வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2021 ஜனவரி 6ல், கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுவதற்கு முன், டிரம்ப் வெள்ளை மாளிகை அருகே பேசிய எழுபது நிமிடம் இரண்டாவது. செனட்டில் 57 பேர் குற்றவாளி என்றார்கள், 43 பேர் இல்லை என்றார்கள், மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அந்த உரையில் கடுமையாகப் போராடச் சொன்ன வரியும் இருக்கிறது, அமைதியாகக் குரல் கொடுங்கள் என்ற வரியும் இருக்கிறது. இரு தரப்பும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது.

எனக்கு அந்த இரவு (நமக்குப் பத்தரை மணி) நின்றுபோன இடம் வேறு. "தோல்வியை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம்" என்று ஆரம்பத்திலேயே சொன்னார். தோற்றவர் மேடையேறி ஒப்புக்கொள்வது அங்கே சட்டம் இல்லை, வழக்கம். 1896ல் தோற்ற பிரையன், வென்ற மெக்கின்லிக்கு அனுப்பிய தந்தியிலிருந்து எண்ணுவார்கள். 2000 டிசம்பர் 13ல், புஷ்ஷிடம் தோற்ற அல் கோர், நீதிமன்றத் தீர்ப்பில் தனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்றார். அன்று அவர் நினைவுகூர்ந்தது, லிங்கனிடம் தோற்ற பிறகு அவரிடம் கட்சி உணர்வு நாட்டுப்பற்றுக்கு வழிவிட வேண்டும் என்று சொன்ன அதே டக்ளஸை. 2024ல் தோற்ற கமலா ஹாரிஸ் மறுநாளே ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஒப்புக்கொண்டார், 2025 ஜனவரி 6ல் தன் தோல்வியை எண்ணிய கூட்டத்துக்கும் துணை அதிபராகத் தலைமை தாங்கினார். என் கணக்கில் அமெரிக்கப் பேச்சின் நாடி வென்றவர் பேச்சில் இல்லை, இங்கேதான் ஓடுகிறது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கென்னடியை விட்டுவிடுங்கள். 2008 நவம்பர் 4 இரவு ஃபீனிக்ஸ் நகரில், ஒபாமாவிடம் தோற்ற ஜான் மெக்கெய்ன் பேசியது பத்து நிமிடம்தான் இருக்கும், காணொளி கிடைக்கிறது. ஒபாமா பெயரைச் சொன்னதும் அவருடைய சொந்தக் கூட்டமே ஊளையிடும், அவர் கையை உயர்த்தி அடக்குவார். "எவ்வளவோ போராடினோம், தோல்வி என்னுடையது, உங்களுடையதல்ல" என்பார். பிறகு, "நம்மிடையே என்ன வேற்றுமை இருந்தாலும் நாம் சக அமெரிக்கர்கள்" என்பார். முதல் வரியில் அரங்கத்தோடு பேசுகிறார், அடுத்ததில் நாட்டோடு. எழுத்தாளர்கள் எழுதிக் கொடுத்த உரைதான், அதனாலென்ன. அன்று காலை பத்து மணி வாக்கில் அதைத் தமிழாக்கும்போது முதல் வரிக்கு 'நாம்' என்று எழுதினேன், அடித்தேன், 'நாங்கள்' என்று போட்டேன், அதையும் அடித்தேன். எழுத்து கோப்பவர் பின்னால் வந்து நின்றுகொண்டு, "சார், இது நாமா நாங்களா, சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.